இன்ஜினிடம் கை நீட்டுபவர்கள்

பெங்களூரு விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3000 அடி உயரத்தில் இருக்கிறது. மீனம்பாக்கம் 50 அடிதான். ஊர் குளுகுளுவென்று இருப்பதற்கு இந்த உயரம்தான் காரணம் என்பது இங்கே வந்து தங்கும் எல்லோருக்கும் தெரியும். அதே உயரம் விமானத்தை என்ன பாடு படுத்துகிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஒரு ஏப்ரல் மதியத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஊரிலும் 35 டிகிரி வெயில். கணக்குப் போட்டுப் பார்த்தால், பெங்களூரு ரன்வே மேல் இருக்கும் காற்று சென்னைக் காற்றை விடச் சுமார் 10 சதவீதம் அடர்த்தி குறைவு. விமானத்தின் வேகமானி உண்மையில் அளப்பது காற்று முகத்தில் மோதும் அழுத்தத்தைத்தான். அதனால் அது 140 நாட் காட்டும் கணத்தில் தரையை விட்டு எழும் ஒரு விமானம், காற்று அசையாத நாளில், சென்னையில் நிஜமாக 145 நாட் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பெங்களூரில் 153 நாட். தேவையான ஓட்ட தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதால், இது ஒன்றே 11 சதவீதம் கூடுதல் ரன்வேயைக் கேட்கும். அதற்கு மேல், இன்ஜின் விழுங்குவதும் அதே மெலிந்த காற்றைத்தான், ஆகவே உந்துவிசையும் குறையும். அன்று மதியம் விமானத்தைப் பொறுத்தவரை பெங்களூரு 6000 அடி உயரத்தில் இருக்கும் ஊர்.

பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் ரன்வேயின் நீளம் 4000 மீட்டர். ஆகவே ஓடுவதற்கு இடம் போதாமல் போவது அபூர்வம். இடிக்கும் இடம் வேறு. இரட்டை இன்ஜின் விமானம் ஒன்று டேக் ஆஃப் நடுவில் ஒரு இன்ஜினை இழந்தாலும், சக்கரங்களை மடித்த பிறகு மீதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு குறைந்தது 2.4 சதவீத ஏற்றத்தில் போயாக வேண்டும் என்பது சான்றளிப்பு விதி. 100 மீட்டர் முன்னே போனால் 2.4 மீட்டர் மேலே. கேட்பதற்குச் சின்ன எண்தான். வெயில் நேரத்தில் மேட்டு நில ஊரில் இந்த எண்ணுக்காகத்தான் ஒவ்வொரு கிலோ எடையும் இன்ஜினின் ஒவ்வொரு துளி பலமும் எண்ணப்படுகின்றன. அந்த பலத்தில் யார் யார் பங்கு கேட்கிறார்கள் என்பதுதான் என் பிழைப்பு. நான் பெங்களூரில் விமான சிஸ்டம்ஸ் இன்டக்ரேஷனில், அதாவது விமானத்தின் தனித்தனி அமைப்புகளை ஒன்றோடொன்று இணைத்து ஓட வைக்கும் பிரிவில், வேலை செய்கிறேன். வீடு முருகேஷ்பாளையாவில்.

போன வருஷம் சித்தப்பாவை ஒரு கல்யாணத்துக்காக இங்கிருந்து சென்னைக்கு விமானத்தில் அழைத்துப் போனேன். கோயம்புத்தூரில் நெடுங்காலம் மோட்டார் காயில் கட்டி, பம்ப்செட் ரிப்பேர் பார்த்தவர். அவருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். ஏ320, இறக்கைக்குப் பக்கத்து வரிசை. கதவை மூடி விமானம் பின்னால் தள்ளப்பட்டுக் கொஞ்ச நேரத்தில், தலைக்கு மேல் வீசிக்கொண்டிருந்த காற்று சட்டென்று அடங்கியது.

"ஏன் கண்ணு, ஏசி நின்னுபோச்சு?"

"இன்ஜினை ஸ்டார்ட் பண்றாங்க சித்தப்பா. வாலுக்குள்ள ஒரு குட்டி இன்ஜின் இருக்கு. இவ்வளவு நேரம் ஏசிக்குக் காத்துக் கொடுத்தது அதுதான். இப்ப அந்தக் காத்தை வச்சுத்தான் பெரிய இன்ஜினைச் சுத்தி விடணும்."

"ஒரே லைன்ல ரெண்டு மோட்டார் ஓட்டுற கதைதான்னு சொல்லு. ஒண்ணை நிறுத்தினாத்தான் இன்னொண்ணு எடுக்கும்."

இதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க முடியாது. ஒரு இன்ஜின் எடுத்தது. விளக்குகள் ஒருமுறை கண் சிமிட்டின, மின்சாரம் குட்டி இன்ஜினின் ஜெனரேட்டரிலிருந்து பெரிய இன்ஜினின் ஜெனரேட்டருக்கு மாறும் நேரம் அது. அப்புறம் இரண்டாவது இன்ஜின் எடுக்கும்போது, கேபின் தரைக்கு அடியிலிருந்து குர்ர் குர்ர் என்று விட்டுவிட்டு ஒரு சத்தம். பக்கத்து சீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சித்தப்பா காதைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டார்.

"இது பம்பு சத்தம். ஒரு பக்கம் பிரஷர் கம்மியா இருக்குது, இழுத்துப் புடிக்குது."

அப்படியே தான். ஏ320-இல் பச்சை, மஞ்சள், நீலம் என்று மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள், மூன்றும் 3000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஓடும். பச்சைக்கு இடது இன்ஜினில் பம்ப், மஞ்சளுக்கு வலது இன்ஜினில் பம்ப், நீலத்துக்கு மின் பம்ப். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு இணைப்புக் கருவி உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் அழுத்த வித்தியாசம் 500 பிஎஸ்ஐயைத் தாண்டினால் அது தானாகச் சுழன்று, பலமாக இருக்கும் பக்கத்தின் சக்தியை மெலிந்த பக்கத்துக்குக் கொடுக்கும். இரண்டாவது இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது அது தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். சித்தப்பா கேட்ட அடுத்த கேள்வி: "எண்ணெய் ஒண்ணோட ஒண்ணு கலக்குமா?"

"கலக்காது சித்தப்பா. நடுவுல தண்டு மட்டும்தான் சுத்தும்."

"அப்படின்னா ஒண்ணு ஒழுகினாலும் இன்னொண்ணு காலியாகாது. நல்லா யோசிச்சிருக்காங்க."

எங்கள் டிசைன் ரிவ்யூ கூட்டங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கத் தயங்கும் கேள்வி அது. எண்ணெயைப் பகிராமல் சக்தியை மட்டும் பகிர்வது என்ற ஒரு முடிவுக்குள் விமானப் பாதுகாப்பின் பாதி இருக்கிறது என்பேன்.

ஏசி நின்ற விஷயத்துக்கு வருகிறேன். ஏ320 போன்ற விமானத்தில் கேபினுக்குள் நாம் சுவாசிக்கும் காற்று, இன்ஜினின் கம்ப்ரசர் அழுத்தி வைத்த காற்றிலிருந்து உருவி எடுக்கப்படுவது. பிளீட் ஏர் என்பார்கள். கம்ப்ரசர் எரிபொருளைச் செலவழித்து அழுத்திய காற்று அது. டர்பைனுக்குப் போயிருந்தால் உந்துவிசையாகியிருக்கும். அதனால்தான் வெயில் நாளில், மேட்டு ஊரில், முழுச் சுமையோடு கிளம்பும்போது விமானிகள் சில சமயம் டேக் ஆஃப் முடியும்வரை ஏசி பேக்குகளை அணைத்து வைக்கிறார்கள். இல்லையென்றால் வால் இன்ஜினிலிருந்து காற்றெடுத்துக்கொள்கிறார்கள். சீட்டில் இருப்பவருக்கு ஒரு நிமிடம் புழுக்கம். செயல்திறன் அட்டவணையில் அதற்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் எடை ஏற்றிக்கொள்ளலாம், அல்லது அதே எடைக்கு இன்ஜினைக் கொஞ்சம் குறைவாகச் சூடாக்கலாம்.

போயிங் 787-ஐ வரைந்தவர்கள் கேபினுக்கு இன்ஜினிலிருந்து காற்று உருவுவதே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். கேபினுக்குக் காற்றை அழுத்த மின் கம்ப்ரசர்கள், இறக்கையில் பனி பிடிக்காமலிருக்க மின்சாரத்தில் சூடாகும் விரிப்புகள். அதற்காக ஒவ்வொரு இன்ஜினிலும் 250 கேவிஏ ஜெனரேட்டர் இரண்டு. ஏ320-இல் இன்ஜினுக்கு ஒன்றுதான், அதுவும் 90 கேவிஏ. எரிபொருள் மிச்சமானது. ஆனால் பாரம் போன இடம் மின்சாரம். அதோடு வெப்பம், கனமான கேபிள்கள், லித்தியம் அயன் பேட்டரி எல்லாம் வந்தன. 2013 ஜனவரியில் அந்தப் பேட்டரிகள் சூடேறி எரிந்ததில் உலகத்தில் இருந்த 787 அத்தனையும் தரையில் நிறுத்தப்பட்டன. நான் அந்த வடிவமைப்பைக் குறை சொல்லவில்லை. துணிச்சலான, சரியான திசை என்றுதான் நினைக்கிறேன். ஒரு இடத்தில் இறக்கிய சுமை வேறொரு இடத்தில் ஏறும். அது எங்கே ஏறியது என்று தேடிக்கொண்டே இருப்பதற்கு ஆள் வேண்டும்.

அந்த ஆளின் வேலை வெளியிலிருந்து பார்க்கக் கவர்ச்சியாக இருக்காது. ஏரோ படித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்கு வரும் பிள்ளைகளில், நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர், சிஎஃப்டி (காற்றோட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிடுவது) வேண்டும், இல்லையென்றால் இன்ஜின் வேண்டும் என்கிறார்கள். இன்டக்ரேஷன் என்றதும் முகம் வாடிவிடும். வயரிங் வேலை, டாக்குமெண்ட் வேலை என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஒரு சம்பவம் சொல்கிறேன்.

எங்கள் லேபில் ஒரு ரிக் உண்டு. விமானத்தின் கட்டுப்பாட்டுப் பரப்புகளை அசைக்கும் ஆக்சுவேட்டர்கள், பம்புகள், கம்ப்யூட்டர்கள் எல்லாம் விமானத்தில் இருக்கும் அதே குழாய் நீளத்தோடு இரும்புச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். அயர்ன் பேர்ட் என்பது இந்தத் துறையில் அதற்கு எல்லோரும் சொல்லும் பெயர். ஒருநாள் ஒரு ஆக்சுவேட்டரும் அதைக் கண்காணிக்கும் பெட்டியும் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டன. இரண்டும் தனித்தனியாக எல்லாச் சோதனையிலும் தேறியவை. ஸ்டிக்கை இழுத்தோம். எலிவேட்டர், அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பு, சரியான பக்கம் அசைந்தது. அரை நொடி கூட ஆகவில்லை, கண்காணிப்புப் பெட்டி அந்தச் சேனலைத் துண்டித்துவிட்டது. திரும்ப இழுத்தோம், திரும்பவும் துண்டித்தது. சென்சாரை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள், மென்பொருள்காரர்களைக் கூப்பிட்டார்கள்.

எங்கள் குழுவில் கும்பகோணத்துக்காரர் ஒருவர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். அவர் ரிக் பக்கமே வரவில்லை. இரண்டு சப்ளையர்களின் இன்டர்ஃபேஸ் டாக்குமெண்டையும் பிரிண்ட் எடுத்து மேஜையில் அடுத்தடுத்து வைத்து, ஒரு ஸ்கேலை இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே வைத்து, வரி வரியாகக் கீழே நகர்த்திக்கொண்டிருந்தார். சிக்னல் பெயர், எத்தனை பிட், என்ன அலகு, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் "இங்க வாம்மா" என்று கூப்பிட்டார். ஒரு டாக்குமெண்டில் எலிவேட்டரின் பின் விளிம்பு கீழே போனால் பிளஸ். இன்னொன்றில் மேலே போனால் பிளஸ். இரண்டுமே தங்கள் அளவில் சரி. கண்காணிப்புப் பெட்டியின் கண்ணுக்கு எலிவேட்டர் கட்டளைக்கு நேர் எதிராகப் போய்க்கொண்டிருந்தது, அதனால் அது தன் கடமையைச் செய்தது. ஒரு கழித்தல் குறி. அது தரையில் பிடிபட வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு இரும்பும் அவ்வளவு பேரும்.

எல்லாம் தரையில் பிடிபட்டுவிடுவதில்லை. நான் புதியவர்களுக்கு எப்போதும் முழுதாகச் சொல்லும் ஒரு விபத்து உண்டு. 2008 ஜனவரி 17. பெய்ஜிங்கிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777. உள்ளே 152 பேர். ரன்வே கண்ணெதிரே, உயரம் சுமார் 700 அடி. தானியங்கி த்ராட்டில் கொஞ்சம் அதிக உந்துவிசை கேட்டது. இரண்டு இன்ஜினும் முதலில் ஏறின, அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகத் தணிந்துவிட்டன. அணைந்து போகவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தன. கேட்டதைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். எந்த எரிபொருளிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு தண்ணீர் கரைந்திருக்கும். அன்றைக்கு சைபீரியா மேல் குளிர் கடுமை. எரிபொருளின் வெப்பநிலை மைனஸ் 34 டிகிரி வரை இறங்கியது. அந்த எரிபொருள் உறைய மைனஸ் 57 ஆக வேண்டும், ஆகவே அதில் கோளாறில்லை. உறைந்தது தண்ணீர். அது குழாயின் உள்சுவரில் மெல்லிசாகப் படிந்துகொண்டே வந்தது. பல மணி நேரம் விமானம் ஆடாமல் அசங்காமல், சீரான, குறைந்த எரிபொருள் ஓட்டத்தில் பறந்ததால் அந்தப் படிவைக் கலைக்க எதுவுமில்லை. தரையிறங்கும் நேரத்தில் ஓட்டம் திடீரென்று கூடியதும் பனி மொத்தமாகப் பெயர்ந்து, இன்ஜின் ஆயிலும் எரிபொருளும் வெப்பம் மாற்றிக்கொள்ளும் கருவியின் முகத்தில் போய் அடைத்தது.

அந்தக் கருவி நல்ல இன்டக்ரேஷனுக்குப் பாடப்புத்தக உதாரணம். சூடான ஆயிலைக் குளிர வைக்க வேண்டும், குளிர்ந்த எரிபொருளைச் சூடாக்க வேண்டும். ஒன்றின் கழிவு இன்னொன்றின் தேவை, தனியாக ஹீட்டர் வேண்டாம், எடை மிச்சம். அதன் எரிபொருள் நுழையும் முகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னக் குழாய்களின் வாய்கள். அவை தட்டிலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. வந்த பனி அந்த 4 மில்லிமீட்டர் இடுக்குகளில் சிக்கி நின்றது.

பம்ப் தன் வேலையைச் செய்தது. எரிபொருள் தரக் குறிப்புக்கு உட்பட்டது. விமானிகள் விதிப்படி பறந்தார்கள். சான்றளிப்பு விதிகளில் பனி இப்படி மொத்தமாகப் பெயர்ந்து வரும் என்ற நிலைமையே அப்போது எழுதப்படவில்லை. குற்றம் எந்தப் பெட்டிக்குள்ளும் இல்லை, பெட்டிகளுக்கு நடுவில் இருந்தது.

அந்தக் கடைசி நொடிகளில் கேப்டன் பீட்டர் பர்கில் ஒரு காரியம் செய்தார். இறக்கையின் பின்னால் கீழிறங்கும் மடலான ஃபிளாப்பை 30-லிருந்து 25-க்கு இழுத்தார். ஃபிளாப் குறைந்தால் தூக்குவிசை கொஞ்சம் குறையும், ஆனால் இழுவை அதைவிட அதிகமாகக் குறையும். உந்துவிசை இல்லாதவனுக்கு இழுவைதான் எதிரி. விசாரணையின் கணக்குப்படி அதில் கிடைத்தது ஐம்பது மீட்டர் அளவு. ரன்வேக்கு முன்னால் இருந்த ஆன்டெனாக்களைத் தாண்டி விமானம் புல்லில் விழ அது உதவியது. 152 பேரும் பிழைத்தார்கள். பிறகு அந்தக் குழாய் வாய்கள் தட்டோடு சமமாக இருக்கும்படி கருவி திருத்தி வடிவமைக்கப்பட்டது. செயல்திறன் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்யும் தூக்குவிசை-இழுவை விகிதம் உயிர் காத்த இடம் என்று இதை நான் வகுப்பெடுப்பேன்.

இங்கே பழைய ஏர்போர்ட் ரோட்டிலிருந்து பழைய மெட்ராஸ் ரோடு பக்கம் போக சுரஞ்சன்தாஸ் ரோடு என்று ஒன்று இருக்கிறது. தினமும் அதில் நெரிசலில் நிற்கும் பலருக்கு அவர் யாரென்று தெரியாது. 1961 ஜூன் 17 அன்று மாருத் போர் விமானத்தை முதன்முதலில் பறக்கவிட்டவர். ஜெர்மனியிலிருந்து வந்த குர்ட் டேங்க் தலைமையில் அரசு விமானத் தொழிற்சாலையான ஹெச்ஏஎல்-லில் வடிவமைத்த விமானம். ஒலியை விட இரு மடங்கு வேகம் என்ற இலக்கோடு வரைந்த உடல். அதற்கு ஏற்ற, ஆஃப்டர்பர்னர் (வெளியேறும் சூடான காற்றில் மறுபடி எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு) உள்ள இன்ஜின் வரவேயில்லை. ஆஃப்டர்பர்னர் இல்லாத ஆர்ஃபியஸ் 703 இரண்டைப் பூட்டித்தான் பறந்தது, அதோடு ஒலிவேகத்தின் அருகிலேயே நின்றுவிட்டது. தாழப் பறந்து தாக்குவதில் 1971 போரில் நன்றாகவே உழைத்தது. இன்ஜினின் பலத்தைக் கூட்ட எடுத்த முயற்சி ஒன்றில், ரீஹீட் (ஆஃப்டர்பர்னரின் இன்னொரு பெயர்) பொருத்திய மாருத்தைச் சோதிக்கும்போதுதான் 1970 ஜனவரி 10 அன்று சுரஞ்சன் தாஸ் இறந்தார். அந்த ரோட்டில் போகும்போது புது ஆட்கள் யாராவது வண்டியில் இருந்தால் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

தேஜஸ் போர் விமானம் வேறு வகை. வேண்டுமென்றே நிலைத்தன்மையைக் குறைத்து வரைந்தது, கம்ப்யூட்டர் இல்லாமல் மனிதனால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. அதனால் கட்டுப்பாட்டில் நான்கு சேனல்கள், ஒன்றை ஒன்று சரிபார்த்துக்கொண்டு. தேஜஸை வடிவமைக்கும் அரசு அமைப்பான ஏடிஏ 1984-இல் தொடங்கியது, முதல் பறப்பு 2001 ஜனவரி 4 அன்று இதே ஹெச்ஏஎல் ரன்வேயிலிருந்து. நடுவில் இவ்வளவு வருஷமா என்று கேட்பவர்கள், அந்த நான்கு சேனல்களையும் ஹைட்ராலிக்கையும் மின்சாரத்தையும் தரையில் இணைத்து இணைத்துப் பார்த்த நேரத்தையும் அதில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இப்போது தேஜஸ் மார்க் 2 வடிவத்துக்கு எஃப்404 போய் எஃப்414 இன்ஜின் வருகிறது. செய்திகளில் 98 கிலோநியூட்டன் உந்துவிசை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பெரிய இன்ஜின் அதிகக் காற்று கேட்கும், ஆகவே காற்று நுழையும் வாய் மாறும். எடையும் ஈர்ப்பு மையமும் நகரும், ஆகவே கட்டுப்பாட்டு விதிகளை மறுபடி எழுத வேண்டும். எரிபொருள் பம்ப், குழாய் அகலம், ஜெனரேட்டர், பிளீட் காற்றின் சூடு, அதைக் குளிர்விக்கும் கருவி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்குமெண்ட், ஒவ்வொரு டாக்குமெண்டிலும் எதிர்ப்பக்கத்தோடு ஒத்துப்போக வேண்டிய நூற்றுக்கணக்கான வரிகள். பெங்களூரில் இந்த வேலைக்கு ஆள் பற்றாக்குறை இருக்கிறது. ஏரோ, மெக்கானிக்கல், ட்ரிபிள்-ஈ எது படித்திருந்தாலும் சரி. நேர்முகத் தேர்வில் எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டால் இன்டக்ரேஷன் என்று சொல்லிப் பாருங்கள்.